படகிலேயே குடியிருப்பவர்கள் நல்ல தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள்?

அலைமேல்வீடு:
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த சீசனிலிருந்து நானும் மனைவியும் படகிலேயே குடியேறப் போகிறோம். 38 அடி பாய்மரப் படகு. இரண்டு டேங்க், சேர்த்து 400 லிட்டர். சோலார் 600 வாட், லித்தியம் பேட்டரி 12 வோல்ட்டில் 400 ஆம்ப்-அவர். ஜெனரேட்டர் கிடையாது, வைக்கும் எண்ணமும் இல்லை. பெரும்பாலும் நங்கூரம் போட்டுத்தான் நிற்போம், ஜெட்டிக்குப் போவது எப்போதாவதுதான்.

வாட்டர்மேக்கர் (கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் மெஷின்) இல்லாமல் சமாளிக்க முடியுமா? வாங்கினால் எந்த அளவு? மழைத் தண்ணீரை நம்பலாமா? விளம்பரப் பேச்சு நிறையக் கேட்டாயிற்று, வைத்துப் பிழைப்பவர்கள் சொல்லுங்கள்.

உப்புக்காத்து:
வாங்க வாங்க. மெஷினைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. டேங்க்ல இருந்து பம்புக்குப் போற லைன்ல ஒரு சின்ன தண்ணி மீட்டர் மாட்டுங்க. ஒரு வாரம் வழக்கம்போல இருந்து பாருங்க. நாளுக்கு எவ்வளவு போகுதுன்னு தெரியாம மெஷின் சைஸ் பேசுறது வீண் பேச்சு.

குடிக்க, சமைக்க ஆளுக்கு 4 லிட்டர் தாராளம், நல்ல வெயில்ல 5 வெச்சுக்கலாம். டேங்கைக் காலி பண்றது அது இல்ல. பாத்திரமும் குளியலும்தான். எங்க சிங்க்ல ரெண்டு குழாய் இருக்கு. ஒண்ணு கடல் தண்ணி, காலால மிதிக்கிற பம்ப். பாத்திரம் எல்லாம் அதுல தேய்ச்சுக் கழுவிட்டு, கடைசியா ஸ்ப்ரே பாட்டில்ல நல்ல தண்ணி அடிச்சுத் துடைச்சு வெச்சிடுவோம். செடிக்கு மருந்தடிக்கிற கை பம்ப் ஸ்ப்ரேயர் புதுசா ஒண்ணு வாங்கி அதையே ஷவரா வெச்சிருக்கோம். கடல்ல இறங்கிக் குளிச்சிட்டு வந்து 2 லிட்டர்ல அலசிடலாம். சோப்புக் கட்டி கடல் தண்ணியில நுரைக்காது, பாத்திரம் கழுவுற லிக்விட் நல்லாவே நுரைக்கும்.

ஆனா அலசாம மட்டும் விட்டுடாதீங்க. உடம்புல காய்ஞ்ச உப்பு மெத்தைக்குப் போகும். அது காத்துல இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுக்கும். அப்புறம் மெத்தை காயவே காயாது.

இப்படி இருந்தா ரெண்டு பேருக்கு நாளுக்கு 20 லிட்டர். 400 லிட்டர் இருபது நாள் வரும். வாட்டர்மேக்கர் எதுக்கு?

சுக்கான்:
இருபது நாள் கழிச்சு என்ன பண்ணுவீங்க அண்ணா? 20 லிட்டர் கேனை டிங்கியில, அதாவது கரைக்குப் போற குட்டிப் படகுல போட்டு, கரையில குழாயைத் தேடி, தூக்கிட்டு வந்து... 400 லிட்டருக்கு இருபது கேன். முதுகு யாருடையது?

விளையாட்டுக்குச் சொல்லல. மெஷின் இருந்தா எந்த விரிகுடாவுல எத்தனை நாள் நிக்கணும்ங்கிறதை டேங்க் முடிவு பண்ணாது, நாம முடிவு பண்ணலாம். எனக்கு அதுதான் பெரிசு.

அலைமேல்வீடு, உங்க சோலாருக்கு ஏத்தது எனர்ஜி ரெக்கவரி உள்ள 12 வோல்ட் மெஷின். ஸ்பெக்ட்ராவோட வெஞ்சுரா 150 மாதிரி ஒண்ணு மணிக்கு 24 லிட்டர் அளவுக்குத் தரும், 9 ஆம்ப் இழுக்கும். கணக்குப் போட்டா லிட்டருக்கு 4.5 வாட்-அவர். 30 லிட்டருக்கு 11, 12 ஆம்ப்-அவர்தான். உங்க ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்குத் தின்றதை விடக் குறைவு.

நீலத்திரை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் படகு வாங்கும் யோசனையில் மட்டும் இருப்பவள். எனர்ஜி ரெக்கவரி என்றால் என்ன? எல்லா மெஷினும் ஆர்.ஓ. தானே?

எஞ்சின்ரூம்:
ஆர்.ஓ. தான் அம்மா. கடல் தண்ணீரின் ஆஸ்மோட்டிக் அழுத்தம், அதாவது அதன் உப்பு நல்ல தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும் அழுத்தம், சுமார் 27 பார் (1 பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). அதற்கு மேல் அழுத்தினால்தான் உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வான மெம்பரேன் வழியாக நல்ல தண்ணீர் எதிர்ப்பக்கம் வரும். பேருக்கு வந்தால் போதாதே, ஓரளவு வேகமாகவும் வர வேண்டும். அதனால் 55 பார் வரை ஏற்றுகிறோம். சின்ன மெஷின்களில் உள்ளே போகும் 10 லிட்டரில் 1 லிட்டர்தான் நல்ல தண்ணீராகும். மிச்சம் 9 லிட்டர் உப்பு கூடிப்போய்க் கடலுக்கே திரும்பும். வேண்டுமென்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். மெம்பரேன் முகத்தில் உப்பு தேங்காமல் அடித்துக்கொண்டு போக அந்த ஓட்டம் வேண்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 10 லிட்டரையும் 55 பாருக்கு ஏற்ற 15 வாட்-அவர் வேண்டும். பம்பிலும் மோட்டாரிலும் போகிற நஷ்டத்தைச் சேர்த்தால் 20-ஐத் தாண்டும். கிடைத்தது 1 லிட்டர். அந்த 9 லிட்டர் வெளியே போகும்போது 50 பாருக்கு மேல் அழுத்தத்தோடுதான் இருக்கிறது. சாதாரண மெஷினில் ஒரு வால்வு வழியாக அதை விட்டு வீணடிக்கிறோம். கிளார்க் பம்ப் மாதிரியானவற்றில் அந்த அழுத்தம் இன்னொரு பிஸ்டனைத் தள்ளி உள்ளே வரும் தண்ணீரை அழுத்துகிறது. அதனால்தான் 20 வாட்-அவர் 4, 5-க்கு இறங்குகிறது.

பெரிய கப்பல்களில் நாங்கள் இருந்த காலத்தில் ஆர்.ஓ. கிடையாது. எஞ்சினைக் குளிரவைத்துவிட்டு வரும் ஜாக்கெட் வாட்டர் 80 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டை எடுத்து, வெற்றிடத்தில் கடல் தண்ணீரை 40, 50 டிகிரியிலேயே கொதிக்க வைப்போம். எப்படியும் கடலில் கொட்டப்போகும் சூடு, இனாம். ஆனால் அந்தச் சூட்டில் கிருமி சாகாது. அதனால் கரையிலிருந்து 20 கடல் மைலுக்குள் வந்துவிட்டால் மெஷினை நிறுத்திவிடுவது வழக்கம். படகில் கரண்டை வைத்து வடிக்கலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: 1 லிட்டரை ஆவியாக்க மட்டும் 627 வாட்-அவர்.

உப்புக்காத்து:
எல்லாம் சரி சார். இந்த மெஷினை சும்மா விட்டா என்ன ஆகும்னு யாரும் சொல்ல மாட்டேங்கறீங்களே. மழை சும்மா விட்டாலும் பெய்யும்.

1 சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழைன்னா 1 லிட்டர். 10 சதுர மீட்டர் பந்தல் துணி கட்டியிருந்தா ஒரு நல்ல 20 மில்லிமீட்டர் மழைக்கு 200 லிட்டர். காத்து அடிச்சு, ஓரத்துல சிந்தி, பாதி போனாக்கூட 100 லிட்டர் நிக்கும். துணிக்கு நடுவுல ஒரு பள்ளம் விழுற மாதிரி கட்டி, அங்க ஒரு ஹோஸ் ஃபிட்டிங் தைச்சிருக்கேன். முதல் பத்து நிமிஷம் டேங்குக்கு விடக்கூடாது. உப்பு, தூசி, பறவை எச்சம் எல்லாம் அதுலதான் வரும். ஹோஸ் நுனியில விரல் வெச்சு நாக்குல தொட்டுப் பார்ப்பேன். உப்பு கரிக்கிறது நின்னப்புறம்தான் டேங்க் மூடியைத் திறப்பேன்.

டெக்ல நேரா மூடி இருக்கிற படகா இருந்தா, டெக்கை மழையிலயே நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டு, மூடிக்குக் கீழ்ப்பக்கம் ஒரு துண்டைச் சுருட்டி அணை மாதிரி வெச்சா தண்ணி நேரா உள்ள இறங்கும். என்ன வேகத்துல நிரம்புதுன்னு பார்த்தா ஆச்சரியப்படுவீங்க. ஆனா டெக் தண்ணியைக் குளிக்கத்தான் வெச்சுக்குவோம், குடிக்கப் பந்தல் தண்ணி.

1942-ல கப்பல் மூழ்கி 133 நாள் ராஃப்ட்ல (உயிர்காப்பு மிதவையில) தனியா மிதந்த பூன் லிம் உயிர் பிழைச்சது கித்தான் துணியில பிடிச்ச மழைத் தண்ணியாலதான்.

சுக்கான்:
பூன் லிம் ஆசைப்பட்டு அங்க குடியேறலையே அண்ணா :)

மழை வேண்டாம்னு சொல்லல. நானும் பிடிக்கிறேன். ஆனா நல்ல நங்கூர இடம்னு நாம தேடிப் போறதே மழை இல்லாத, காத்து சீரா அடிக்கிற பருவத்துலதான். அந்த மாசங்கள்ல பந்தல் நிழலுக்குத்தான் ஆகும்.

சும்மா விட்டா என்ன ஆகும்னு கேட்டீங்க, நியாயமான கேள்வி. ஓட்டி முடிச்சதும் உள்ள கடல் தண்ணி நிக்கும். அதுல இருக்கிற நுண்ணுயிர் எல்லாம் சூட்டுல செத்து அழுகும். ரெண்டு மூணு நாள்லயே அழுகின முட்டை நாத்தம். அதனால ஒவ்வொரு தடவையும் நிறுத்தினதும் நல்ல தண்ணியை உள்ள விட்டு அலசணும். அப்புறம் ஓட்டலேன்னாலும் 5-லிருந்து 7 நாளுக்கு ஒரு தடவை அலசணும். டைமர் வெச்ச மாடல்ல அதுவே பண்ணிக்கும். மாசக்கணக்குல விட்டுட்டுப் போறதா இருந்தா கிருமி வளராம தடுக்கிற சோடியம் மெட்டாபைசல்ஃபைட் மருந்தைக் கரைச்சு உள்ள நிரப்பிட்டுப் போகணும். உறைபனி விழுற இடம்னா தண்ணி உறையாம இருக்க புரோப்பிலீன் கிளைக்கால்.

அலைமேல்வீடு:
அலசுவதற்கு எவ்வளவு தண்ணீர் போகும்?

சுக்கான்:
சின்ன மெஷினுக்கு 10-லிருந்து 20 லிட்டர்.

அலைமேல்வீடு:
அப்படியானால் தினமும் 25 லிட்டர் எடுத்து 15 லிட்டரை அலசுவதற்கே விட்டால் கையில் நிற்பது 10 தானே?

எஞ்சின்ரூம்:
இந்த ஒரு கேள்விக்காக உங்கள் இழையை வரவேற்கிறேன். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். தினமும் ஒரு மணி நேரம் ஓட்டுவதை விட, நாலு நாளுக்கு ஒருமுறை ஐந்தாறு மணி நேரம் ஓட்டுங்கள். வெயில் உச்சியில் இருக்கும்போது, பேட்டரி நிரம்பிவிட்டு சோலார் சும்மா கிடக்கும் நேரம் பார்த்து. அலசுவது ஒருமுறைதான். அதற்கு டேங்கில் இடம் வேண்டும், உங்களிடம் இருக்கிறது.

நீங்கள் அளவு கேட்டதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. நாளுக்கு 30 லிட்டர் வேண்டும் என்றால் மணிக்கு 20, 25 லிட்டர் தரும் மெஷின் சரி. மணிக்கு 5, 6 லிட்டர் தரும் குட்டி மெஷினும் உண்டு, கட்டாடினின் பவர்சர்வைவர் 40ஈ மாதிரி, 4 ஆம்பில் ஓடும். ஆனால் நாள் முழுக்க அது ஓடும் சத்தத்தோடு குடித்தனம் நடத்த வேண்டும். 2540 அளவு (2.5 இன்ச் குறுக்களவு, 40 இன்ச் நீளம்) மெம்பரேன் போட்டு மணிக்கு 60, 100 லிட்டர் எடுக்கும் ஏ.சி. மோட்டார் மெஷின் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு. பாகங்கள் பொது அளவு, எங்கும் கிடைக்கும், விலையும் மலிவு. உங்களுக்கு அது பொருந்தாது.

மெஷினில் எழுதியிருக்கும் அளவு 25 டிகிரி கடலுக்கு. ஒரு டிகிரி குறைந்தால் உற்பத்தி 3 சதவீதம் அளவுக்குக் குறையும். 15 டிகிரிக் கடலில் கால் பங்குக்கு மேல் போய்விடும். உப்பும் எங்கும் ஒன்றல்ல. சாதாரணக் கடலில் லிட்டருக்கு 35 கிராம், செங்கடலில் 40, பால்டிக்கில் பல இடங்களில் 10-க்கும் கீழே. உப்புக் குறைந்த தண்ணீரில், ஆற்று முகத்துவாரத்திலும்தான், வழக்கமான அழுத்தத்தை வைத்தால் மெம்பரேன் வழியாக அளவுக்கு மீறிக் கொட்டும். பார்க்க சந்தோஷமாக இருக்கும், மெம்பரேனுக்குக் கேடு. அழுத்தத்தைக் குறைத்து, வெளிவரும் அளவை வழக்கமான அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

நீலத்திரை:
டேங்கில் ப்ளீச் போட வேண்டும் என்கிறார்கள், கூடாது என்றும் சொல்கிறார்கள். எது சரி?

உப்புக்காத்து:
போடணும். சீசனுக்கு ஒரு தடவை பெரிய கழுவல். 5 சதவீத ப்ளீச், வாசனை சேர்க்காதது, 1000 லிட்டருக்கு 1 லிட்டர் கணக்கு. 50 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வரும். 400 லிட்டருக்கு 400 மில்லி. எல்லாக் குழாயையும் ப்ளீச் வாசனை வர்ற வரைக்கும் திறந்து மூடி, நாலு மணி நேரத்துக்கு மேல விட்டு, அப்புறம் முழுக்க வடிச்சு, வாசனை போற வரைக்கும் அலசணும். தினப்படிக்கு 400 லிட்டருக்கு 8 மில்லி போட்டா 1 பி.பி.எம். போதும். பழைய பாட்டிலுக்கு வீரியம் இருக்காது, வெயில்ல கிடந்தா சீக்கிரமே போயிடும். வினிகரோட எக்காரணம் கொண்டும் கலக்காதீங்க, விஷவாயு வரும்.

சுக்கான்:
நிறுத்துங்க நிறுத்துங்க. வாட்டர்மேக்கர் இருக்கிற படகுல இதை அப்படியே பண்ணினா மெம்பரேன் காலி. குளோரின் பட்டா பாலிஅமைடு மெம்பரேன் அரிச்சுப்போகும், திரும்ப சரிபண்ண வழியே இல்ல. அலசுறதுக்கு டேங்க் தண்ணியைத்தானே எடுக்குறோம்! அதனாலதான் நான் டேங்க்ல ஒரு சொட்டு ப்ளீச் போடறதில்ல. மெஷின்ல வர்ற தண்ணி சுத்தம்தானே.

உப்புக்காத்து:
மெஷின்ல வரும்போது சுத்தம். டேங்க்ல மூணு வாரம் 32 டிகிரியில நின்னா? டேங்கோட காத்துக் குழாய் வழியா உள்ள வர்ற காத்து? அடியில படிஞ்சிருக்கிற வழுவழு? உங்க டேங்கோட ஆய்வு மூடியைக் கழட்டிக் கைவிட்டுப் பாருங்க தம்பி, அப்புறம் பேசுவோம்.

எஞ்சின்ரூம்:
இருவரும் பாதி சரி. குளோரின் இல்லாத தண்ணீர் டேங்கில் நின்றால் கெடும். குளோரின் உள்ள தண்ணீர் மெம்பரேனைக் கெடுக்கும். வழி சுலபம். அலசும் லைனில் மட்டும் ஒரு கார்பன் ஃபில்டர். மெம்பரேனுக்குப் போகும் தண்ணீரில் 0.1 பி.பி.எம். கூட இருக்கக்கூடாது. பெரிய கழுவலுக்கு 50 பி.பி.எம். போடும்போது அந்த லைன் வால்வையே மூடிவிடுங்கள், டைமர் இருந்தால் அதையும் அணையுங்கள். கார்பனை அழுக்காகாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பார்த்து அதன் ஆயுளைக் கண்டுபிடிக்க முடியாது.

இவருக்கு இரண்டு டேங்க் இருப்பதால் இன்னும் நல்லது. ஒன்றில் மெஷின் தண்ணீர் மட்டும், குளோரின் இல்லாமல், அதைக் குடிக்கவும் அலசவும் சீக்கிரம் சீக்கிரமாகச் செலவழியுங்கள். இன்னொன்றில் மழையோ ஜெட்டித் தண்ணீரோ, குளோரினோடு. இரண்டுக்கும் நடுவில் வால்வு வைத்துத் தனித்தனியாக எடுங்கள். ஒன்று கெட்டாலும் இன்னொன்று கையில் நிற்கும். டேங்க் அலுமினியமா? அப்படியானால் குளோரினை அளவாகக் காட்டுங்கள், அரிக்கும்.

அலைமேல்வீடு:
டேங்க் பாலிஎத்திலீன். நன்றி சார், இரண்டு டேங்கைப் பிரிக்கும் யோசனை பிடித்திருக்கிறது. வெளிவரும் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சுக்கான்:
டி.டி.எஸ். மீட்டர், தண்ணியில கரைஞ்ச உப்பை லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்னு காட்டும், கையடக்கமானது. ஓட்ட ஆரம்பிச்சதும் முதல் சில நிமிஷம் வர்றதை டேங்குக்கு விடக்கூடாது. மூணு வழி வால்வு வெச்சு ஒரு சின்ன ஹோஸை சிங்க்ல தொங்க விட்டிருக்கேன். ஒரு கப்புல பிடிச்சு மீட்டரை முக்குவேன். முதல்ல 900, 1000-னு காட்டும், மளமளன்னு இறங்கி 300 கிட்ட வந்து நிக்கும். 500-க்குக் கீழ நின்னா வால்வைத் திருப்பி டேங்குக்கு விடுவேன். உலக சுகாதார நிறுவனம் 600-க்குக் கீழ இருந்தா சுவை நல்லா இருக்கும்னும், 1000-க்கு மேல போனா குடிக்கவே பிடிக்காதுன்னும் சொல்லுது. ஒவ்வொரு தடவையும் நம்பரை, அழுத்தத்தை, மணிக்கு எத்தனை லிட்டர்ங்கிறதை ஒரு நோட்ல எழுதுங்க. மெம்பரேன் திடீர்னு சாகாது. மாசா மாசம் 250, 310, 390-ன்னு ஏறும். நோட் இல்லேன்னா அது கண்ணுல படாது.

திடீர்னு எகிறினா மெம்பரேனை சந்தேகப்படாதீங்க, முதல்ல கசிவைத் தடுக்கிற ரப்பர் வளையத்தை, ஓ-ரிங்கைப் பாருங்க.

எஞ்சின்ரூம்:
அந்த மீட்டர் உப்பை மட்டும்தான் பார்க்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிருமியோ டீசலோ அதற்குத் தெரியாது. துறைமுகத்துக்குள் ஓட்டாதீர்கள் என்பதற்கு முதல் காரணம் தண்ணீர் மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலம். அது மெம்பரேனில் ஏறினால் கழுவிப் போக்குவது பெரும்பாடு. நாலு படகு கக்கூஸ் தண்ணீர் விடும் நெருக்கமான நங்கூர இடத்திலும் வேண்டாம். மழை பெய்து ஆற்றுத் தண்ணீர் கலங்கி வந்தால் 5 மைக்ரான் ஃபில்டர் ஒரு மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும். 20 ஒன்று, அதற்குப் பின்னால் 5 ஒன்று. இரண்டிலும் கைவசம் நிறைய வைத்திருங்கள்.

அலைமேல்வீடு:
கடைசியாக ஒன்று. படகை மேலே ஏற்றி அடியில் வேலை நடக்கிறது. மெஷினுக்குத் தனித் துளை போடட்டுமா, எஞ்சின் கூலிங் லைனிலிருந்து T வடிவ இணைப்பு (டீ) போட்டுக் கிளை எடுக்கட்டுமா?

சுக்கான்:
தனித் துளை. யோசிக்கவே வேண்டாம். முடிஞ்சவரை தாழ்வா, கீல் (படகோட அடி நடுவுல நீட்டிட்டு இருக்கிற பாகம்) பக்கத்துல. பக்கவாட்டுல மேல வெச்சா படகு சாய்ஞ்சு ஓடும்போது அந்தப் பக்கம் வெளிய வந்து காத்தை உறிஞ்சும். கடல் தண்ணியை முதல்ல உள்ள இழுக்கிற பூஸ்ட் பம்ப் காத்தைப் பிடிச்சா ஹை பிரஷர் பம்ப் கடகடன்னு அடிச்சுக்கும், ஃப்ளோ மீட்டர்ல நுரை நுரையா ஏறும், அழுத்த முள் ஆடும். அப்போ உடனே அழுத்த வால்வைத் திறந்து விட்டுடுங்க. காத்து முழுக்க வெளிய போய் கண்ணாடிக் குழாய் தெளிஞ்சப்புறம் மெதுவா ஏத்துங்க. எஞ்சின் லைன்ல டீ எடுத்தா, எஞ்சின் ஓடும்போது அது உங்க பம்புகிட்ட இருந்து இழுக்கும். ரெண்டுக்கும் கஷ்டம்.

உப்புக்காத்து:
கக்கூஸ் வெளியேறுற துளைக்கு முன்பக்கமா போடுங்க, பின்பக்கமா இல்ல. படகு நங்கூரத்துல நிக்கும்போதும், ஓடும்போதும் தண்ணி முன்னாலிருந்து பின்னாலதான் போகும்.

மெஷின் வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க, தெரியுது. பரவால்ல. ஆனா டேங்க் ரெண்டையும் தவிர 20 லிட்டர் கேன் ரெண்டு மூணு தனியாக் கட்டி வையுங்க, பம்போ கரண்டோ இல்லாம எடுக்கிற மாதிரி. முழுக்க நிரப்பாம கொஞ்சம் காத்து விட்டு மூடுங்க, தண்ணியில விழுந்தாலும் நல்லா மிதக்கும். ராத்திரி படுக்கும்போதும், கரைக்குப் போகும்போதும் பிரஷர் பம்ப் சுவிட்சை அணைச்சிடுங்க. ஒரு ஹோஸ் கிளாம்ப் கழண்டா போதும், அந்தப் பம்ப் 400 லிட்டரையும் பில்ஜ்ல, அதாவது படகோட அடிப்பள்ளத்துல கொண்டுபோய்க் கொட்டிடும். யாரும் குழாயைத் திறக்காதப்பவே அது ரெண்டு நொடி ஓடி நின்னா எங்கயோ கசிவு இருக்குன்னு அர்த்தம்.

நீலத்திரை:
ராஃப்டில் வைக்கும் கை பம்ப் மெஷின் வைத்திருக்கிறீர்களா யாராவது?

எஞ்சின்ரூம்:
சர்வைவர் 06 வைத்திருக்கிறேன். ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடை. விடாமல் அடித்தால் மணிக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகத் தரும், கை வலிக்கும். 1982-ல் அட்லாண்டிக்கில் 76 நாள் ராஃப்டில் இருந்த ஸ்டீவன் காலஹன் சூரிய வெப்பத்தில் வடிக்கும் பலூன்களை நம்பித்தான் இருந்தார், நாளுக்குச் சுமார் அரை லிட்டர். அதைப் பார்க்கும்போது இது எவ்வளவோ மேல். ஆனால் இதற்கும் உள்ளே மெம்பரேன்தான். ஒருமுறை கடல் தண்ணீர் பட்டுவிட்டால் மருந்து கரைத்து நிரப்பித்தான் திரும்ப வைக்க வேண்டும். எப்படி இருக்கிறதென்று சும்மா அடித்துப் பார்க்காதீர்கள்.

அலைமேல்வீடு:
துளை கீல் பக்கம், கக்கூஸுக்கு முன்னால். நாளை காலை துளை போடுபவரிடம் சொல்லிவிடுகிறேன். உப்புக்காத்து அண்ணா, பந்தல் துணியில் தைத்த அந்த ஃபிட்டிங் எத்தனை இன்ச்?

உப்புக்காத்து:
ஒரு இன்ச். முக்கால் இன்ச் வெச்சா கனமழையில துணி குளமாத் தேங்கித் தையல் பிரிஞ்சிடும். ஓட்டையைச் சுத்தி ரெண்டு அடுக்குத் துணி கொடுத்துத் தைக்கச் சொல்லுங்க.